பேப்பர் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடுமா?

2022 ஜூன் மாதத்தோடு முடிந்த காலாண்டுக்கு இன்ஃபோசிஸ் வெளியிட்ட கணக்கில், லாபத்துக்கு இணையாக இன்னோர் எண்ணும் கூர்ந்து பார்க்கப்பட்டது. 28.4 சதவீதம். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தாமாகவே வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் டி.சி.எஸ். நிறுவனத்தின் விலகல் விகிதம் 21.5 சதவீதத்தைத் தொட்டது. நூறு பேர் இருந்த இடத்தில் இருபது, இருபத்தைந்து பேர் ஒரே ஆண்டில் கிளம்பிவிட்டால் எந்த புராஜெக்ட்டைத்தான் உரிய நேரத்தில் முடிப்பது?

கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் உலகெங்கும் மென்பொருள் வேலைகள் குவிந்திருந்த காலம் அது. ஐதராபாத்தின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும், பெங்களூரிலும், சென்னை ஓ.எம்.ஆரிலும் ஒரே ஆள் கையில் இரண்டு மூன்று ஆஃபர் லெட்டர் இருந்தது. நோட்டீஸ் பீரியட் பல நிறுவனங்களில் 90 நாள். அந்த மூன்று மாதத்துக்குள் இன்னொரு நிறுவனம் கூடுதல் சம்பளம் சொல்லிவிடும். சேர வேண்டிய நாளில் ஆள் வரமாட்டார்; போனையும் எடுக்கமாட்டார். போகிறவரைத் தடுக்கவும் முடியாமல், வருகிறவர் வருவாரா என்றும் தெரியாமல் எச்.ஆர். துறை தவித்தது.

பேப்பர் போடப் போகிறவர், அதாவது ராஜினாமா செய்யப் போகிறவர், யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இந்தக் கேள்விதான் மனிதவளத் துறையைத் தரவுகளின் பக்கம் வேகமாகத் தள்ளியது. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு என்று தனித்தனிக் கோப்புகளில் கிடந்த விவரங்களை ஒன்றாகக் கோத்து, அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் வேலைக்கு ‘பீப்பிள் அனலிடிக்ஸ்’ என்று பெயர். ஆளெடுப்பது, சம்பள உயர்வு கொடுப்பது, பதவி உயர்த்துவது, சில நேரம் வீட்டுக்கு அனுப்புவது என எல்லாவற்றிலும் இன்று அதன் கை இருக்கிறது. ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

கருவிகள் உருவாகும் ஊர்

1998 நவம்பர் 22 அன்று அன்றைய பிரதமர் வாஜ்பாய் ஐதராபாத்தின் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்துவைத்தார். வட்ட வடிவில் எழும்பிய அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான் ஹைடெக் சிட்டி வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான் என்று பெரும் பெயர்கள் வரிசையாக வந்தன. 2019 ஆகஸ்டில் நானக்ராம்குடாவில் அமேசான் திறந்த வளாகத்தில் மட்டும் 15,000 பேர் வேலை பார்க்கலாம்.

இத்தனை ஊழியர்கள் குவிந்த ஊரில், ஊழியர்களைக் கணக்குப் பார்க்கும் மென்பொருளும் பிறந்ததில் வியப்பில்லை. 2015-ல் ரோஹித் சென்னமனேனி, ஜெயந்த் பலேட்டி, சைதன்ய பெத்தி ஆகியோர் ஐதராபாத்தில் டார்வின்பாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆளெடுப்பது முதல் வேலையை விட்டு விலகுவது வரை ஓர் ஊழியரின் முழுப் பயணத்தையும் ஒரே மென்பொருளில் கொண்டுவருவது அவர்களின் திட்டம். 2022 ஜனவரியில் 7.2 கோடி டாலர் முதலீடு வந்தபோது நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. இதே ஊரில் விஜய் யலமஞ்சிலி தொடங்கிய கேக்கா நிறுவனம், சிறு, நடுத்தர நிறுவனங்களின் சம்பளப் பட்டியலையும் வருகைப் பதிவையும் கவனிக்கிறது. அதே 2022 நவம்பரில் வெஸ்ட்பிரிட்ஜ் கேபிடல் அதில் 5.7 கோடி டாலர் முதலீடு செய்தது.

அமீர்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் இந்த மாற்றத்தின் இன்னொரு முகம் தெரியும். தெரு முழுக்கக் கோச்சிங் சென்டர்கள். ஜாவா, டெஸ்டிங் என்று தொடங்கிய தெரு அது. மனிதவள மென்பொருள்களும், பவர் பி.ஐ. போன்ற டேஷ்போர்டு கருவிகளும் இன்று சந்தை கேட்கும் பாடங்களில் சேர்ந்துவிட்டன. ஆட்களோடு பேசிப் பழகத் தெரிந்தால் போதும் என்று எச்.ஆர். வேலைக்கு வந்தவர்கள், எக்ஸெல்லும் எஸ்.கியூ.எல்லும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: எத்தனை பேர்?

ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் இடத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பதுகூடச் சில நேரம் எளிதில் விடை கிடைக்காத கேள்வி. ஐதராபாத்துக்கு அது நன்றாகத் தெரியும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளைப் பெருக்கிக் காட்டியதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். நிறுவனத்தில் 53,000 ஊழியர்கள் என்று சொல்லப்பட்டுவந்தது. உண்மையில் 40,000 பேர்தான், மீதி 13,000 பேர் பெயரளவில் மட்டுமே என்று அந்த மாதமே அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் குற்றம்சாட்டியது. நிறுவனத் தரப்பு அதை மறுத்தது. எது சரி என்பது ஒருபுறம் இருக்க, நாட்டின் நான்காவது பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஆள் கணக்கே வழக்காடும் பொருளானது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில் சுமார் ஒன்பது லட்சம் பேரின் பணிப்பதிவேடுகள் கணினிக்கு ஏற்றப்பட்டன. ஆண்டு ஊதிய உயர்வு, விடுப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் ஆதாரமான அந்தத் தடித்த புத்தகம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், இப்போது ‘களஞ்சியம்’ செயலியில் ஊதியச் சீட்டைப் பார்க்கிறார்கள், விடுப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். எந்தத் துறையில் எத்தனை இடம் காலி, அடுத்த ஐந்தாண்டில் யார் யார் ஓய்வுபெறுகிறார்கள் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே அறியும் வசதி அரசுக்கும் கிடைக்கிறது. தரவுப் பகுப்பாய்வின் பலன்களில் யாருக்கும் தீங்கில்லாத, எல்லோருக்கும் உதவுகிற பகுதி இதுதான். சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது.

போகப் போவது யார்?

எச்.பி. நிறுவனத்தின் உதாரணம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. அங்கே பணியாற்றிய கீதாலி ஹால்தர், அனிந்திய டே என்ற இரண்டு ஆய்வாளர்கள், 2011-ல் உலகெங்கும் இருந்த சுமார் 3,30,000 எச்.பி. ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். அவர் வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் குறிக்கும் மதிப்பெண் அது. இதனால் 30 கோடி டாலர் வரை மிச்சமாகலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஓர் ஊழியர் போனால் புதியவரைத் தேடி, எடுத்து, பழக்கி, பழையவர் அளவுக்குத் தேற்றிக் கொண்டுவர ஆகும் செலவு அவ்வளவு பெரியது.

அந்த ஆய்வில் ஒரு செய்தி யாரும் எதிர்பாராதது. பதவி உயர்வு கொடுத்தால் ஆள் தங்குவார் என்பது மேலாளர்களின் நம்பிக்கை. ஒரு பிரிவில், கணிசமான சம்பள உயர்வு இல்லாமல் பதவியை மட்டும் உயர்த்தியவர்கள் அதிகம் விலகியதைத் தரவு காட்டியது. விசிட்டிங் கார்டில் பெரிய பதவியும் பழைய சம்பளமும் சேர்ந்தால், வெளியே அதே பதவிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அவர் பார்க்கத்தானே செய்வார்!

இந்த மதிப்பெண் எப்படி வருகிறது? ஒரு பேச்சுக்கு, ஐதராபாத் ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் டெஸ்டிங் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அவர் ஒரே ஒரு வரிசை. சேர்ந்து இரண்டு ஆண்டு, பத்து மாதம். கடைசி ஹைக் கிடைத்துப் பதினான்கு மாதம். சந்தை நிலவரத்தைவிடச் சம்பளம் குறைவு. ஓராண்டில் இரண்டு முறை மேனேஜர் மாறியிருக்கிறார். வீடு உப்பலில், நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தினமும் பயணம். அதே டீமில் ஒருவர் சென்ற மாதம் விலகினார். கடந்த இரண்டு மாதத்தில் நான்கு முறை, வாரத்தின் நடுவே ஒற்றை நாள் விடுப்பு. முன்னர் விலகிப்போன ஆயிரக்கணக்கானவர்களின் வரிசைகளோடு கணினி இந்த வரிசையை ஒப்பிடுகிறது. அவர்களும் போவதற்கு முன் இப்படித்தான் ஒற்றை நாள் விடுப்பு எடுத்தார்கள், பெரும்பாலும் இன்டர்வியூவுக்காக. மேனேஜரின் டேஷ்போர்டில் அவர் பெயர் சிவப்பாக மாறுகிறது.

அந்த நான்கு நாளும் அவர் தன் அப்பாவை டயாலிசிஸ் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கலாம். அந்த வரிசையில் அப்பாவுக்கு இடமில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நிறுவனத்தில் 1,000 பேர். ஆண்டுக்கு 150 பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘யாருமே போகமாட்டார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட 850 பேர் விஷயத்தில் அது சரி. அதாவது துல்லியம் 85 சதவீதம். இப்போது மென்பொருள் 300 பேரைச் சிவப்பில் காட்டுகிறது. போகிற 150 பேரில் 110 பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மீதி 190 பேர் எங்கும் போகிற எண்ணமே இல்லாதவர்கள். 2019-ல் ஐ.பி.எம். தலைவர் ஜின்னி ரோமெட்டி, விலகப் போகிறவர்களைத் தங்கள் செயற்கை நுண்ணறிவு 95 சதவீதத் துல்லியத்தோடு கணிக்கிறது என்று சொன்னார். அப்படி ஓர் எண்ணைக் கேட்கும்போதெல்லாம் ‘தவறாகச் சிவப்பில் சிக்கியவர்கள் எத்தனை பேர்?’ என்று உடனே கேட்க வேண்டும்.

அந்த 190 பேருக்கு என்ன நடக்கும் என்பது மேனேஜரின் மனசைப் பொறுத்தது. நல்ல மேனேஜர் அந்த டெஸ்டிங் பொறியாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “என்னம்மா, வேலையெல்லாம் எப்படிப் போகுது? ஏதாவது சிரமமா?” என்று கேட்பார். அப்பாவின் உடல்நிலை தெரியவரும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடாகும். இன்னொரு மேனேஜர், ‘எப்படியும் போகிற ஆள்தானே’ என்று ஆன்சைட் வாய்ப்பை வேறொருவருக்குக் கொடுப்பார், அப்ரைசலில் ரேட்டிங்கைக் குறைப்பார். ஆறு மாதத்தில் அந்தப் பெண் மனம் வெறுத்து நிஜமாகவே பேப்பர் போடுவார். கணிப்பு பலித்துவிட்டது என்று மென்பொருள் அதையும் தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

கூகுள் கேட்ட கேள்விகள்

தனி மனிதர்களுக்கு மதிப்பெண் போடுவதைவிட, நிறுவனத்தின் பழக்கவழக்கங்களைக் கேள்வி கேட்கும்போது தரவு அதிகம் பயன்படுகிறது. இதற்குக் கூகுள் நல்ல சாட்சி.

பிரசவத்துக்குப் பிறகு பெண்கள் வேலையை விட்டுப் போவது மற்றவர்கள் விலகுவதைவிட அதிகமாக இருப்பதைக் கூகுளின் கணக்கு காட்டியது. 2007-ல் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பைப் 12 வாரத்திலிருந்து 18 வாரமாக உயர்த்தினார்கள். புதிய தாய்மார்கள் விலகும் விகிதம் பாதியாகக் குறைந்தது. (இந்தியாவில் 2017-ன் சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது.)

2009-ல் இன்னொரு கேள்வியை எடுத்தார்கள். மேனேஜர் என்ற ஆள் தேவைதானா? பொறியாளர்கள் நிறைந்த கூகுளில் பலருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. அப்ரைசல் அறிக்கைகள், ஊழியர் கருத்துக்கணிப்புகள், நேர்காணல்கள் எல்லாவற்றையும் அலசியபோது மேனேஜர் மிகவும் முக்கியம் என்று தெரிந்தது. நல்ல மேனேஜருக்கு எட்டுக் குணங்கள் பட்டியலாயின. சொல்லிக்கொடுத்து வளர்ப்பது முதலில் நின்றது. தொழில்நுட்ப அறிவு பட்டியலின் கடைசியில் இருந்தது. ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ என்ற பெயரில் அந்த ஆய்வு இன்று மேலாண்மைப் பாடங்களில் இடம்பெறுகிறது. ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா என்று முடிவுசெய்ய நான்கு நேர்காணல் போதும் என்பதும் அவர்களின் கணக்குதான். அதற்குமேல் நடத்தும் ஒவ்வொரு சுற்றும் தரும் கூடுதல் தெளிவு மிகச் சொற்பம். ஆறு சுற்று, ஏழு சுற்று என்று இளைஞர்களை அலையவைக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூகுள் கைவிட்ட ஒரு முயற்சி. பதவி உயர்வுக் குழுக்களில் மூத்த பொறியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து கோப்புகளைப் படிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்க, பீப்பிள் அனலிடிக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பிரசாத் செட்டியின் குழு ஒரு கணக்குமுறையை உருவாக்கியது. அது நன்றாகவே வேலை செய்தது. சோதித்துப் பார்த்ததில் குழுக்களின் முடிவுகளோடு ஒத்துப்போனது. ஆனாலும் பொறியாளர்கள் அதை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். கணக்குமுறைகளை எழுதியே பிழைக்கிறவர்கள் அவர்கள். சக மனிதரின் பதவி உயர்வு போன்ற முடிவை ஒரு மென்பொருளிடம் விட்டுவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ள அவர்களுக்கு மனமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு தங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்றார்கள். தரவு வேண்டும், தீர்ப்பைத் தாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்ற நிலைக்குக் கூகுள் வந்துசேர்ந்தது.

ரெஸ்யூம் படிக்கும் எந்திரம்

ஆளெடுக்கும் இடத்தில் அந்த நிதானம் குறைவு. அதற்கும் காரணம் உண்டு. ஒரு சாதாரண வேலைக்கு இந்தியாவில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எல்லா ரெஸ்யூமையும் படிக்க ஆளில்லை. எந்திரம் முதலில் வடிகட்டித் தருகிறது.

அமேசான் 2014-ல் அப்படி ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளாக வந்த ரெஸ்யூம்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். விண்ணப்பித்தவருக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பத்தாண்டில் தொழில்நுட்ப வேலைகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எனவே ஆண்தான் நல்ல விண்ணப்பதாரர் என்று எந்திரம் கற்றுக்கொண்டது. ‘பெண்கள் செஸ் கிளப் தலைவர்’ என்பது போல ரெஸ்யூமில் பெண்கள் என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. 2015-லேயே இது தெரியவந்தது. திருத்திப் பார்த்தார்கள், வேறு எந்த வழியிலாவது பாகுபாடு காட்டாது என்ற உறுதி கிடைக்கவில்லை. 2017 தொடக்கத்தில் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வீடியோ நேர்காணலில் முகபாவத்தைப் பகுத்து மதிப்பெண் போட்ட ஹயர்வியூ நிறுவனமும், கடும் விமர்சனத்துக்குப் பின் அந்த முக ஆய்வைக் கைவிட்டதாக 2021-ல் அறிவித்தது.

இந்தியாவில் இந்தப் பாகுபாடு வேறு உருவங்களிலும் வரும். கல்லூரியின் பெயர், பள்ளியில் படித்த மொழி, படிப்பில் விழுந்த ஓராண்டு இடைவெளி, பத்தாம் வகுப்பில் 60 சதவீதத்துக்குக் கீழ் மதிப்பெண், ஊரின் பின்கோடு. சாதியைக் கேட்காமலே சாதியை ஊகிக்க இந்த விவரங்கள் போதும். பழைய தேர்வுகளில் எந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போனதோ, அந்தக் கல்லூரியின் பெயரை எந்திரம் தொடர்ந்து தள்ளிவைக்கும்.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைத் தன் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியளித்து வேலைக்கு எடுக்கிறது. சென்னையைத் தாண்டித் தென்காசிப் பக்கமும் அந்தப் பள்ளி நடக்கிறது. பட்டம் உண்டா இல்லையா என்று பார்க்கும் எந்த வடிகட்டியும் அந்தப் பிள்ளைகளை முதல் சுற்றிலேயே வெளியே தள்ளியிருக்கும்.

ஸ்வைப் கார்டும் துடைப்பமும்

ஆளை எடுத்தாகிவிட்டது. அடுத்தது அன்றாடக் கண்காணிப்பு. அலுவலகத்துக்கு வரும் நாள்களைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதியை டி.சி.எஸ். கணக்கிடுகிறது என்று 2024-ல் செய்திகள் வந்தன. 60 சதவீத நாள்களுக்குக் கீழே வந்தால் அந்தத் தொகையே கிடையாது. வாசலில் தேய்க்கும் ஸ்வைப் கார்டு நேராகச் சம்பளச் சீட்டில் போய் நிற்கிறது.

அதே தரவை வேறு நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒன்பதே கால் மணி நேரத்துக்குமேல் வேலை செய்தால், ‘போதும், ஓய்வெடுங்கள்’ என்கிற தொனியில் இன்ஃபோசிஸ் மின்னஞ்சல் அனுப்புவதாக 2025-ல் செய்தி வெளியானது. பார்க்கும் கண் ஒன்றுதான். பார்த்ததை வைத்து அபராதம் போடுவதா, அக்கறை காட்டுவதா என்பதை நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது.

ஏ.சி. கட்டடங்களுக்கு வெளியே இந்தக் கண் இன்னும் கடுமையானது. ஐதராபாத்தில் பொழுது விடிவதற்குள் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்துவிடுகிறவர்கள் மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். முதலில் கைரேகைப் பதிவு வந்தது. ஆண்டுக்கணக்கில் துடைப்பமும் குப்பையும் உராய்ந்து ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி அடையாளம் காணத் திணறும். இன்னொரு பக்கம், செயற்கையாகச் செய்த போலி விரல்ரேகையை வைத்து வராதவர்களுக்கும் வருகை பதிந்த மோசடி பிடிபட்டது. 2024-ல் முகமறியும் முறைக்கு மாநகராட்சி மாறியது. மேற்பார்வையாளர் தன் செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிக்கிறார். முகம் பொருந்தினால்தான் அன்றைய கூலி. மோசடி செய்தவர்கள் யாரோ. தினமும் முகத்தைக் காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டியது தெருக் கூட்டுகிற பெண்.

கருவி மாறினால் ஏமாற்று ஒழியும் என்பதும் உறுதியில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் செயலி வழியாகத் தினம் இரண்டு முறை படமெடுத்து வருகை பதிவது கட்டாயமானது. சம்பந்தமில்லாத படங்களும், படத்தைப் படமெடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. இடையில் நெட்வொர்க் கிடைக்காத கிராமங்களில், மண் சுமந்தவர்கள் வருகை பதிவாகாமல் கூலியை இழந்த புகார்கள் பல மாநிலங்களில் எழுந்தன.

கேள்வி கேட்கும் உரிமை

தன்னைப் பற்றிய கணக்கைப் பார்க்க ஊழியருக்கு உரிமை உண்டா? உலகம் மெதுவாக ‘உண்டு’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஆளெடுக்கப் பயன்படும் தானியங்கிக் கருவிகளில் பாகுபாடு இருக்கிறதா என்று வெளியாள் தணிக்கை செய்ய வேண்டும் என்பது நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் வேலைவாய்ப்பில் பயன்படும் செயற்கை நுண்ணறிவை ‘உயர் அபாயம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஊழியரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி முதல் அங்கே தடை.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதன் ஏழாவது பிரிவு. வேலை தொடர்பான தேவைகளுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே நிறுவனம் பயன்படுத்தலாம் என்கிறது அது. தன்னைப் பற்றி என்ன தரவு இருக்கிறது என்று கேட்டுப் பெறும் உரிமையோ, சம்மதம் கொடுத்துப் பகிர்ந்த தரவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சம்மதமே கேட்காத இடத்தில் அந்த உரிமையும் கைக்கு எட்டுவதில்லை. சிவப்பு மதிப்பெண் வாங்கிய அந்த டெஸ்டிங் பொறியாளர், ‘எதை வைத்து எனக்கு இந்த மதிப்பெண்?’ என்று இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம்.

இதில் ஒரு படி முன்னால் போயிருப்பவர்கள், செயலி வழியே உணவு டெலிவரி செய்கிற, கார் ஓட்டுகிற ‘கிக்’ தொழிலாளர்கள்தான். செயலி திடீரென்று ஐடியை பிளாக் செய்துவிட்டால் அன்றிலிருந்து வருமானம் இல்லை. ஏன் என்று கேட்க ஓர் ஆள்கூடக் கிடைக்கமாட்டார். ஷேக் சலாவுதீன் தலைமையில் ஐதராபாத்தில் இயங்கும் தெலங்கானா கிக் தொழிலாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துக் குரல் கொடுக்கிறது. ராஜஸ்தான் 2023-ல் கிக் தொழிலாளர்களுக்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2025-ம் ஆண்டுச் சட்டம், வேலை ஒதுக்குவதையும் தரம் பிரிப்பதையும் செய்யும் தானியங்கி முறை எப்படி இயங்குகிறது என்பதைத் தொழிலாளருக்கு விளக்க வேண்டும் என்கிறது. தெலங்கானா அரசும் 2025 ஏப்ரலில் இதே வழியில் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்டின் கோபுரங்களுக்குக் கீழே பிரியாணிப் பொட்டலத்தோடு காத்திருக்கும் டெலிவரி இளைஞருக்காகச் சட்டம் கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வியை, மேலே பத்தாவது மாடியில் அதை வாங்கிச் சாப்பிடும் பொறியாளருக்காக இன்னும் யாரும் கேட்கவில்லை.

சட்டம் வரும்வரை நிறுவனங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தெந்த விவரங்களைச் சேகரிக்கிறோம், எதற்காக என்பதை ஆஃபர் லெட்டரோடு ஒரு பக்கத்தில், ஊழியருக்குப் புரியும் மொழியில் கொடுக்கலாம். விலகல் மதிப்பெண் போன்றவற்றைத் தனி நபர் பெயரோடு மேனேஜரின் டேஷ்போர்டில் வைக்காமல், எந்தப் பிரிவில் ஏன் ஆள் நிற்பதில்லை என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். ஒருவரின் வேலையையோ சம்பளத்தையோ பாதிக்கும் எந்த முடிவிலும் பொறுப்பான ஒரு மனிதரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். இந்த மூன்றுக்கும் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஐதராபாத்தின் எச்.ஆர். மேலாளர்கள் அடுத்த அப்ரைசல் சுற்றிலேயே இவற்றைத் தொடங்கிவிட முடியும்; தொடங்கும்படி கேட்கும் கடமை ஊழியர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும் இருக்கிறது.